6/6 தெரிந்தும் புள்ளி தெரியவில்லை: முக்குவிய லென்ஸ் பொருத்திய ஒரு மெய்ப்பாளரின் கண்

பின்னணி

நோயாளி 61 வயது ஆண். 34 வருடமாக மெய்ப்பு பார்ப்பவர். பகலில் பதிப்பகத்தில் கணினித் திரை, மாலையில் அச்சகத்தில் தாள், இரவு பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டரில் வீடு. சர்க்கரை நோய் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, அவருடைய சம்மதத்தோடு இதைப் பதிவு செய்கிறேன். கண்புரை அறுவை செய்தவன் நான்தான். இதிலுள்ள பிழைகளில் பெரும்பாலானவையும் என்னுடையவை.

இளம் வயதிலிருந்தே இரண்டு கண்ணிலும் −2.25 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கிட்டப்பார்வை. வெளியே போகும்போது கண்ணாடி போடுவார். மெய்ப்பு பார்க்க உட்கார்ந்ததும் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். இந்த இரண்டாவது தகவல் அறுவைக்கு முன் எங்கள் குறிப்பேட்டில் இல்லை. பல வாரம் கழித்துத்தான் எழுதினோம். முடிச்சு அங்கேதான் விழுந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

−2.25 பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே மிகத் தெளிவாகத் தெரியும் தூரம் சுமார் 44 செ.மீ. தாளை வைத்து வாசிக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். 45 வயதுக்கு மேல் கூட இருப்பவர்கள் எல்லாம் வாசிப்புக் கண்ணாடிக்கு அலையும்போது, இப்படிப்பட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக வாசிப்பார்கள். எந்தச் செயற்கை லென்ஸும் எளிதில் ஈடு செய்ய முடியாத கிட்டப்பார்வை அது. அது ஒரு சொத்து என்று அவர்களுக்கே தெரியாது. கிட்டப்பார்வையைக் குறை என்று சொல்லித்தானே நாமும் பழக்கியிருக்கிறோம்.

எங்களிடம் வந்தபோது இரண்டு கண்ணிலும் நடுப்பகுதியில் புரை. அந்த வகைப் புரையில் லென்ஸ் இறுகி, கிட்டப்பார்வை பவர் ஏறும். வலது கண் −3.75 வரை போயிருந்தது. கண்ணாடி போட்டும் 6/18 தான் (6/6 இயல்பான பார்வை; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). இடது கண் −2.75, கண்ணாடியோடு 6/9. வலது கண்ணை முதலில் செய்வதென்று முடிவாயிற்று.

அறுவைக்கு முன் எடுத்த முடிவு

அவர் கேட்டது ஒரே வாக்கியம்: "கண்ணாடியே வேண்டாம் டாக்டர், இருக்கிறதுலயே நல்ல லென்ஸா வைங்க."

நல்ல லென்ஸ் என்பதை நாங்கள் முக்குவிய லென்ஸ் என்று புரிந்துகொண்டோம். ஒற்றைக்குவிய லென்ஸ் (மோனோஃபோகல்) வந்த ஒளி முழுவதையும் ஒரு தூரத்துக்கே கொடுக்கும். அந்தத் தூரத்தில் படம் பளிச்சென்று இருக்கும், மற்றத் தூரங்களுக்குக் கண்ணாடி வேண்டும். நீள்குவிய லென்ஸ் (ஈடாஃப்) குவியத்தை ஒரு புள்ளியாக வைக்காமல் சற்று இழுத்து நீட்டும். தூரமும் திரைத் தூரமும் வசப்படும், பொடி எழுத்துக்குச் சிரமப்படலாம். முக்குவிய லென்ஸ் (ட்ரைஃபோகல்) தன் பரப்பிலுள்ள மெல்லிய வளையங்களால் ஒளியைத் தூரம், இடைத்தூரம், கிட்டம் என்று மூன்றாகப் பங்கு போடும்.

பங்கு போடும்போது இரண்டு சேதம் உண்டு. சுமார் 10 முதல் 20 சதவீத ஒளி எந்தக் குவியத்துக்கும் போகாமல் வீணாகிறது; லென்ஸின் வகையைப் பொறுத்து அளவு மாறும். இரண்டாவது சேதம் பெரியது. ஒரு குவியத்தில் படம் தெளிவாக விழும்போது, மற்ற இரண்டு குவியங்களின் கலங்கிய படங்களும் அதே விழித்திரையில், அதன் மேலேயே விழுகின்றன. மூளை அவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் மெல்லிய படலம்போல ஒரு வெளுப்பு தங்கிவிடும். கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். வெள்ளையும் கொஞ்சம் சாம்பலாகும். இதையெல்லாம் அவரிடம் சொன்னோம். "இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்" என்று சம்மதப் படிவத்திலும் இருந்தது, கையெழுத்தும் போட்டார்.

விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் அதன் மையம் சீராக இருந்தது. கருவிழியின் சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் வளைவு கூடுதலாக இருப்பதால் வரும் பவர், 0.60. அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்கு நாங்கள் வைத்திருந்த வரம்பு 0.75 என்பதால் சாதாரண முக்குவிய லென்ஸே போதும் என்று எழுதினோம். அவர் என்ன வேலை செய்கிறார் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் "அலுவலகப் பணி" என்று இருந்தது.

முதல் மூன்று வாரங்கள்

அறுவையில் சிக்கல் எதுவும் இல்லை. மறுநாள் 6/9. ஒரு வாரத்தில் கண்ணாடி இல்லாமல் 6/6, கிட்டத்தில் வாசிப்பு அட்டையின் பொடி எழுத்தான என்-6. எங்கள் ஏட்டில் இது முழு வெற்றி. அவருடைய முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. முதல் வாரம்தானே, பழகிவிடும் என்று அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் வாரம் தேதி குறிக்காமலே வந்தார். சட்டைப்பையில் நான்காக மடித்த மெய்ப்புத் தாள். மேசையில் விரித்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "எழுத்து தெரியுது டாக்டர். ஆனா தாள்ல ஒட்ட மாட்டேங்குது. மிதக்குது."

பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடினார். புரை இருக்கும் அந்த இடது கண்ணால், கண்ணாடி இல்லாமல், ஒரு வரியில் பென்சில் நுனியை வைத்துக் காட்டினார். "பல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல" என்று அச்சாகியிருந்தது. இரண்டும் சரியான சொற்கள்தான் என்பதால் பொருளை வைத்து மட்டும் பிடிக்க முடியாத பிழை. புள்ளியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். "புதுக் கண்ணுக்கு இது தெரியல. பழைய கண்ணுக்குத் தெரியுது. அப்போ எதுக்கு டாக்டர் செஞ்சோம்?"

தாளை நானும் பார்த்தேன். மட்டமான காகிதம், மை தீரும் நிலையில் எடுத்த நகல், எழுத்து அடர்சாம்பல். எங்கள் வாசிப்பு அட்டையில் இருப்பதோ வெண்மையான தாளில் கன்னங்கரேலென்ற எழுத்து. என்-6 என்று நாங்கள் எழுதியது அந்த அட்டைக்கு மட்டுமே பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரவைப் பற்றிக் கேட்டேன். எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, அதோடு கம்பி கம்பியாக ஒளி சிதறுகிறது என்றார். ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று வளையம், வளையங்களை வெட்டிக்கொண்டு ஏழெட்டுக் கோடுகள். அந்தப் படத்தைக் கோப்பில் வைத்தோம்.

பரிசோதனையில் கண்டது

பார்வை அளவை மறுபடி எடுப்பதில் பயனில்லை. 6/6 என்ற குறியீடு 1862-ல் ஸ்நெல்லன் கொண்டுவந்த அட்டையின் வழி வந்தது. கறுப்பு எழுத்து எவ்வளவு சிறிதாகும்வரை படிக்க முடிகிறது என்பதையே அது அளக்கிறது. இவருடைய குறையோ எழுத்தின் அளவைப் பற்றியதாக இல்லை. எனவே கான்ட்ராஸ்டை, அதாவது மங்கிய எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் திறனை, அளக்கும் பெல்லி-ராப்சன் அட்டையை மாட்டினோம். 1988-ல் வந்த அந்த அட்டையில் எல்லா எழுத்தும் ஒரே பெரிய அளவு; மும்மூன்று எழுத்தாக வெளுத்துக்கொண்டே போகும், ஒவ்வொரு மூன்றுக்கும் 0.15 மடக்கை அலகு குறையும். 60 வயதைத் தாண்டியவருக்கு 1.65 அளவில் வந்தால் நிம்மதி. அவருக்கு வலது கண் 1.35, புரை உள்ள இடது கண் கண்ணாடியோடு 1.50.

அறுவை செய்த கண் செய்யாத கண்ணைவிடப் பின்தங்கி இருந்தது. அவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

அடுத்துப் பவர்: +0.25, சிலிண்டர் −0.75, அச்சு 90 டிகிரி. ஒற்றைக்குவிய லென்ஸ் உள்ள கண் இதைப் பொறுத்துக்கொள்ளும். முக்குவிய லென்ஸ் உள்ள கண் பொறுக்காது, ஏனெனில் ஏற்கெனவே பங்கு போட்ட ஒளியை இது மேலும் கலைக்கிறது. இது எங்கிருந்து வந்தது? எங்கள் கருவி கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் அளந்தது. பின்பக்கமும் பெரும்பாலோருக்குச் சராசரியாக 0.3 அளவு சிலிண்டரைக் கிடைவாக்கில் சேர்க்கிறது. முன்பக்கச் சிலிண்டர் செங்குத்தாக இருப்பவர்களுக்கு அது கழிந்துபோகும். இவருக்கு இருந்ததோ கிடைவாக்கு. அதனால் கூடியது. அளந்த 0.60 உண்மையில் 0.90-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் டோரிக் வரம்பைத் தாண்டியிருப்போம்.

மூன்றாவதாகக் கண்ணீர்ப் படலம். சாயம் விட்டுப் பார்த்தால் 5 நொடியில் உடைந்தது. 10 நொடிக்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டும். கருவிழியின் கீழ்ப்பகுதியில் பொடிப்பொடியாகச் சாயம் பிடித்திருந்தது, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தன. நாள் முழுக்க இமைக்காமல் தாளைப் பார்ப்பவர்; அறுவைக்கு முன்பும் இது இருந்திருக்கும். அப்படியானால் நாங்கள் எடுத்த அளவுகளே வறண்ட பரப்பின் மேல் எடுத்தவை. கண்ணீர்ப் படலம் என்பது ஒளி நுழையும் முதல் லென்ஸ். அது கலைந்திருக்கும்போது உள்ளே எதை வைத்தாலும் படம் கலையத்தான் செய்யும்.

லென்ஸ் நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலுள்ள உறையில் (இயற்கை லென்ஸைச் சுற்றியிருந்த, இப்போது புது லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை) ஒன்றிரண்டு மெல்லிய சுருக்கம். விழித்திரை ஓசிடியில் வீக்கம் இல்லை.

ஒரு சோதனையை நாங்களே செய்துகொண்டோம். அவர் கொண்டுவந்த பக்கத்திலிருந்து 12 வரிகளைத் தட்டச்சு செய்து, வரிக்கு ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, அதே மங்கிய சாம்பலில் அச்செடுத்தோம். அவருடைய மேசை விளக்கின் அளவுக்கு அறை வெளிச்சத்தைக் குறைத்தோம். வலது கண்ணால் மட்டும் பார்த்து 12-ல் 5 பிழை பிடித்தார். இடது கண்ணால் 11. எந்தப் பாடநூலிலும் இல்லாத சோதனைதான். ஆனால் அன்று எடுத்த அளவுகளிலேயே அதிகம் பேசியது இதுதான்.

11 பிழையையும் அவர் பிடித்தது கண்ணாடி இல்லாமல். "இது எப்படி?" என்று உடனிருந்த பயிற்சி மருத்துவர் கேட்ட பிறகுதான், "எப்பவும் கழற்றிட்டுதானே மெய்ப்பு பார்ப்பேன்" என்றார்.

யாக் லேசர் செய்யாததன் காரணம்

உறைச் சுருக்கத்தைப் பார்த்த சக மருத்துவர் ஒருவர் யாக் லேசரால் உறையில் துளையிட்டுத் திறந்துவிடலாம் என்றார். ஐந்து நிமிட வேலை. நோயாளிக்கும் ஏதோ செய்தார்கள் என்ற ஆறுதல். மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை.

மறுத்ததற்கு முதல் காரணம் குறை தொடங்கிய நாள். உறை மங்குவதால் வரும் கலங்கலுக்கு முன்னால் நன்றாகத் தெரிந்த ஒரு காலம் இருக்கும். பிறகு மெல்ல மங்கும். இவருக்கு முதல் நாளிலிருந்தே நன்றாகத் தெரிந்ததில்லை. முதல் நாளே தொடங்கும் குறைக்கு லென்ஸின் ஒளியியல், மீதிப் பவர், கண்ணின் மேற்பரப்பு ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், திரும்பி வர முடியாது என்பது. உறை முழுதாக இருக்கும்வரை லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை அதே உறைக்குள் வைக்க வாய்ப்பு இருக்கிறது. உறையைத் திறந்துவிட்டால் லென்ஸை எடுக்கும்போது பின்னாலுள்ள கண்ணாடித் திரவம் முன்னால் வரும்; புது லென்ஸுக்குப் பிடிமானம் குறையும். லென்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்லும் நோயாளிக்கு யாக் செய்வது, வீட்டை விற்கலாமா என்று யோசிப்பவரின் பத்திரத்தைக் கிழிப்பதுபோல.

மேற்பரப்புச் சிகிச்சை, ஆறு வாரம்

எனவே எளிதில் திருத்தக்கூடியதை முதலில் திருத்தினோம். பதப்படுத்தி சேர்க்காத கண்ணீர்ச் சொட்டு, இமைக்கு வெந்நீர் ஒத்தடம், இமை ஓரத்தைச் சுத்தம் செய்தல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை தாளிலிருந்து தலையைத் தூக்குதல். கடைசியானதை அவர் செய்யவே இல்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பக்கம் முடியாமல் தலை தூக்கினால் வரி தவறும் என்றார். மறுத்துப் பேச முடியவில்லை.

ஆறு வாரத்தில் கண்ணீர்ப் படலம் 9 நொடி நின்றது. வலது கண்ணின் கான்ட்ராஸ்ட் 1.50 ஆனது. திரையில் படிப்பது சுலபமாயிற்று. இரவு விளக்கை மறுபடி வரையச் சொன்னபோது கோடுகள் போயிருந்தன. மூன்று வளையங்களும் அப்படியே இருந்தன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்: கோடுகள் பெரும்பாலும் மேற்பரப்பின் குற்றம், வளையங்கள் லென்ஸின் இயல்பு. அதை அவருக்கே காட்டினேன். எது போகும், எது போகாது என்று தெரிந்தது அவருக்குச் சொட்டு மருந்தைவிட ஆறுதலாக இருந்ததாகத் தோன்றியது.

சிலிண்டர் பவரைச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக் காட்டினோம். தூரம் இன்னும் கூர்மையானது. சாம்பல் தாளில் பெரிய மாற்றமில்லை; 12-ல் 7. மீதி 5 புள்ளிகளும் பங்கு போட்ட ஒளியில் தொலைந்தவை. கிட்டத்துக்கு அந்த லென்ஸ் ஒதுக்குவதே மொத்த ஒளியில் சிறு பகுதிதான். அதற்கு மேல் நாங்கள் எதையும் சேர்க்க முடியாது.

இரண்டாவது கண்

இதற்குள் இடது கண்ணிலும் புரை கூடி 6/12 ஆகியிருந்தது. அங்கே எதை வைப்பது?

அதே முக்குவிய லென்ஸை வைத்தால் இரு கண்ணும் ஒத்துழைத்து மூளை பழகிக்கொள்ளும் என்பது பொதுவான வாதம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இவர் புள்ளி பார்த்துச் சம்பாதிப்பவர், புள்ளி தெரியும் ஒரே கண் அது. நீள்குவிய லென்ஸ் வளையங்களைக் குறைத்திருக்கலாம். கிட்டத்துப் பொடி எழுத்துக்கு அது போதாது. ஒற்றைக்குவிய லென்ஸைத் தூரத்துக்கு வைத்தால் இரவு சரியாகும், வாசிப்பு முழுவதும் கண்ணாடியை நம்பி இருக்கும்.

விடை எங்கள் எதிரிலேயே பத்து வாரமாக உட்கார்ந்திருந்தது. வலது கண் தூரத்துக்கு, இடது கண் −2.75. அதாவது ஒரு கண் தூரத்துக்கும் ஒரு கண் கிட்டத்துக்கும் என்ற ஏற்பாட்டில், நாங்கள் திட்டமிடாமலே, அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். தலைவலி இல்லை, படியில் தடுமாற்றம் இல்லை. வழக்கமாக இந்த ஏற்பாட்டைக் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்க்கச் சொல்வோம். இவருக்கு ஒத்திகை தானாகவே நடந்து முடிந்திருந்தது.

இடது கண்ணில் ஒற்றைக்குவிய லென்ஸ், இலக்கு −2.00 என்று முடிவெடுத்தோம். தெளிவான தூரம் 50 செ.மீ.; இருபுறமும் அரை டயாப்டர் சகிப்பு வைத்துக் கணக்கிட்டால் 40 முதல் 67 செ.மீ. வரை. தாளும் திரையும் அதற்குள் அடங்கும். கோளப்பிறழ்ச்சி (ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறை) விஷயத்திலும் ஒரு தேர்வு இருந்தது. மனிதக் கருவிழியில் 6 மி.மீ. அகலத்துக்குச் சராசரியாக +0.27 மைக்ரான் கோளப்பிறழ்ச்சி இருக்கும். அதை முழுக்க ஈடு செய்யும் லென்ஸ்கள் கூர்மையைக் கூட்டும். குவிய ஆழம் சற்றுக் குறையும். பிறழ்ச்சியைத் தொடாமல் விடும் லென்ஸில் ஆழம் சற்றுக் கூடுதல். தாளிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து தாளுக்கும் மாறி மாறிப் பார்ப்பவர் என்பதால் இரண்டாவதை எடுத்தோம். இந்த முறை கருவிழியின் இரு பக்கமும் அளந்தோம், அதுவும் மேற்பரப்பு சீரான பிறகு, இரண்டு தனி நாட்களில்.

ஆழம் தெரியும் திறன் கொஞ்சம் குறையும், இரவில் இடது கண்ணுக்குத் தூரம் மங்கும் என்று சொன்னோம். "கண்ணாடியே வேண்டாம்" என்ற பழைய வாக்கியத்தையும் எடுத்து வைத்துப் பேசினோம். "மெய்ப்பு பார்க்கும்போது வேண்டாம், அதைத்தான் சொன்னேன்" என்றார். முதல் நாள் அவர் சொன்னதற்கு அதுதான் பொருளா, இப்போது அப்படித் தோன்றுகிறதா என்பது தெரியாது. அன்று நாங்கள் கேட்கவில்லை.

இடது கண் அறுவை, வலது கண்ணுக்கு 12 வாரம் கழித்து நடந்தது. பவர் −1.75, சிலிண்டர் −0.25. கான்ட்ராஸ்ட் 1.65, இரு கண்ணும் சேர்ந்து 1.80. சாம்பல் தாளைக் கொடுத்தோம். 12 பிழையும் பிடித்தார். கூடவே நான்காம் வரியில் ஒன்றைப் பென்சிலால் சுழித்தார். நாங்கள் வைக்காத பிழை, எங்கள் தட்டச்சில் தானாக விழுந்தது.

ஆறாம் மாதம்: லென்ஸை மாற்றுவதா?

வாசிப்பு தீர்ந்தது, இரவு தீரவில்லை. வலது கண்ணில் வளையங்கள் இருந்தன. அவற்றின் தொந்தரவு முதல் மாதத்தைவிடக் குறைவு என்றார். மூளை பழகுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆனால் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு: நாள் போகப் போக உறை லென்ஸின் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ளும், எடுப்பது கடினமாகும். அதனால் ஆறாம் மாதத்தில் முடிவு சொல்லும்படி கேட்டிருந்தோம்.

மாற்றினால் என்ன கிடைக்கும், எது கெடலாம் என்று வெளிப்படையாகப் பேசினோம். ஒற்றைக்குவிய லென்ஸ் வைத்தால் வளையங்கள் பெருமளவு போகும். உறை கிழியலாம், கருவிழியின் உட்பக்கச் செல்கள் குறையலாம், விழித்திரையில் வீக்கம் வரலாம். யோசித்து வருகிறேன் என்று போனவர் இரண்டு நாளில் தொலைபேசியில் சொன்னார்: "மறுபடியும் உள்ள கைவைக்க வேண்டாம். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி ஒரு கண்ணாடி. வலதுக்கு அந்தச் சிலிண்டர், இடதுக்கு −1.75. இரவில் வண்டி ஓட்ட மட்டும். அதைப் போட்டதும் இடது கண் தூரத்தைச் சுத்தமாகக் காட்டுகிறது. வளையமில்லாத அந்தப் படத்தை மூளை முன்னால் வைத்துக்கொள்கிறது. வளையங்கள் போகவில்லை, பின்னால் நகர்ந்தன. "கூட்டத்துல நிக்கிற ஆள் மாதிரி, தேடினா தெரியும்" என்று சொன்னார். கண்ணாடி ஸ்கூட்டரின் முன்பெட்டியில் இருக்கிறது.

பதினான்காம் மாதம்

வலது கண் மங்குவதாக வந்தார். இம்முறை கதை வேறு: நன்றாக இருந்தது, இரண்டு மாதமாக மெல்ல மங்குகிறது, வெயிலில் கூசுகிறது. உறையில் முத்து முத்தாகப் படலம். கான்ட்ராஸ்ட் 1.50-லிருந்து 1.35-க்கு இறங்கியிருந்தது. லென்ஸை மாற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டதால் இப்போது யாக் செய்யத் தடை இல்லை. செய்தோம், மறுவாரம் மீண்டும் 1.50. அதே கண், அதே லேசர். மூன்றாம் வாரத்தில் செய்திருந்தால் ஆறாம் மாதப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

இனி மாற்றிச் செய்பவை

முக்குவிய லென்ஸின் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தூரப்பார்வைக் கண்ணாடி இல்லாமல் எதையும் பார்க்க முடியாதவர்களுக்கும், ப்ளஸ் பவர் போட்டே வாழ்ந்தவர்களுக்கும் அது தந்த மகிழ்ச்சியை வாரம்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு அது புதிதாகக் கிடைப்பது. −2 முதல் −3 வரை கிட்டப்பார்வை உள்ளவரிடம் அதே லென்ஸ் அவர் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைந்ததைத் தருகிறது. இந்தப் பிரிவினருக்கு இப்போது ஒற்றைக்குவிய லென்ஸைக் கிட்டத்துக்கு வைப்பதைத்தான் முதல் யோசனையாகச் சொல்கிறோம். முக்குவியம் கேட்டால் மறுப்பதில்லை, பேச்சு நீளும்.

கண்ணீர்ப் படலத்தையும் கருவிழியின் பின்பக்கத்தையும் அளக்காமல் லென்ஸ் தேர்வுக்குப் போவதில்லை. மேற்பரப்பு சீராக இல்லையென்றால் அறுவையைத் தள்ளி வைக்கிறோம். பெல்லி-ராப்சன் அட்டை மாடி அறையிலிருந்து கீழே வந்துவிட்டது. அறுவைக்கு முன்னும் பின்னும் எடுக்கிறோம். முன்னதாக எடுக்காததால்தான் இவருடைய வலது கண் எங்கிருந்து எங்கே வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவே போதிய இடைவெளி விடுகிறோம். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்திருந்தால் இவருக்கு மிச்சமிருந்த ஒரு கண்ணையும் அதே பங்குக் கணக்கில் சேர்த்திருப்போம்.

படிவத்தில் "தொழில்" கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. கண்ணாடியை எந்த வேலைக்குக் கழற்றுவீர்கள்? அந்த வேலையில் நீங்கள் பார்க்கும் பொருளை அடுத்த முறை கொண்டுவர முடியுமா? முதல் கேள்விக்குப் பலர் "ஞாபகமில்லை" என்றே எழுதுகிறார்கள். கழற்றுவது அவ்வளவு பழகிப்போன செயல். அப்போது கூட வந்தவரைக் கேட்கிறோம். அவர்கள் பெரும்பாலும் உடனே சொல்லிவிடுகிறார்கள்.